நாமக்கல் லாரி ஒன்றின் எர்த் கோளாறு: நிகழ்வு ஆய்வு

வண்டி 1990களின் நடுவில் வெளிவந்த ஆறு சக்கர லாரி. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின், மெக்கானிக்கல் டீசல் பம்ப். எலக்ட்ரானிக்ஸ் என்று சொல்ல அதில் எதுவும் கிடையாது. 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்த 24 வோல்ட் மின்சுற்று, நெகட்டிவ் எர்த். அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டியின் இரும்போடு இணைந்திருக்கும், கரண்ட் அந்த வழியாகத்தான் திரும்பும். பேட்டரிப் பெட்டி கேபினுக்குப் பின்னால் இடது பக்கச் சேஸில் (வண்டியின் அடிச்சட்டம்) தொங்குகிறது. நாமக்கல் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் கோழி எரு ஏற்றிக்கொண்டு கேரளப் பக்கத் தோட்டங்களுக்குப் போய்வருகிற வண்டி. என்ன சரக்கு என்பதற்கும் இந்தக் கோளாறுக்கும் தொடர்பு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஓனர் சொன்ன புகார் இதுதான். காலையில் செல்ஃப் (எஞ்சினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் மோட்டார்) இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. வெள்ளைப் புகை வருகிறது, எஞ்சின் பற்றுவதில்லை. நாலைந்து தடவை அடித்த பிறகு சுற்றுவதும் நின்று, வெறும் டக் டக் சத்தம் மட்டும் வருகிறது. பக்கத்து வண்டியைக் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்வது வழக்கமாகிவிட்டது. இதற்குள் இரண்டு பேட்டரியும் மாற்றியாகிவிட்டது. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி ஆர்மேச்சர் கட்டி, பிரஷ், புஷ் எல்லாம் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த ஸ்விட்சான சொலினாய்டும் புதிது.

"பேட்டரி புதுசுங்க, செல்ஃபும் புதுசாட்டம் பண்ணியாச்சுங்க. இனி டைனமோவத்தான் மாத்தோணுமாட்ட இருக்குது" என்றார் ஓனர். டைனமோ என்பது எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சாமான். அவர் குரலில் இருந்த சலிப்பு நியாயமானது. செலவழித்த பணத்துக்குத் துளி பலனும் இல்லை.

உண்மையான தடயம் டிரைவரிடமிருந்து வந்தது, அதுவும் வேறு ஏதோ சில்லறைப் புகார் மாதிரி. "காத்தால செல்ஃப் அடிச்சா டேஷ்போர்டுக்குள்ள பிளாஸ்டிக் கருகற வாசம் வருதுங்கண்ணா. ஸ்டாப் கேபிளும் இறுகிக்குது. பாதி நாள் கியர்ல போட்டுத்தான் எஞ்சினை அணைக்கறேன்." கேபிள் மட்டமான சரக்கு என்று சொல்லி அதையும் மாற்றியிருந்தார்கள். புதிய கேபிளும் சீக்கிரமே இறுகிவிட்டது.

எஞ்சினை நிறுத்த டிரைவர் இழுக்கும் ஒரு மெல்லிய இரும்புக் கம்பி, செல்ஃப் அடிக்கும்போது ஏன் சுட வேண்டும்? அந்தக் கம்பியின் ஒரு முனை கேபினில் இருக்கிறது, மறு முனை எஞ்சின் மேல் உள்ள பம்ப்பில். கேபினுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கரண்ட் அதன் வழியாகப் போனால் ஒழிய அது சுடாது. கரண்ட் அதன் வழியாகப் போகிறதென்றால், போக வேண்டிய வழி அடைபட்டிருக்கிறது.

திரும்பி வரும் பாதை

செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் எல்லோருடைய கண்ணும் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து மோட்டாருக்குப் போகும் சிவப்புக் கேபிளையே பார்க்கிறது. போன கரண்ட் அவ்வளவும் மோட்டாரின் உடம்பு வழியாக எஞ்சினுக்கு வந்து, அங்கிருந்து பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பியாக வேண்டும். பாதி சுற்று அதுதான். இந்த வண்டியில் எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியாகக் கரண்ட் போகாது. ஆகவே எஞ்சினையும் சேஸையும் இணைக்க ஒரு செம்புப் பின்னல் பட்டை, சேஸிலிருந்து பேட்டரிக்கு ஒரு கறுப்புக் கேபிள் என்று இரண்டே இணைப்புகளை நம்பித்தான் எல்லாம் ஓடுகிறது. கேபினும் தனியாக ரப்பர் மேல்தான் நிற்கிறது. அதற்கும் சேஸுக்கும் நடுவே ஒரு சிறிய எர்த் ஒயர் உண்டு.

பட்டை கெட்டுப்போனால் கரண்ட் நின்றுவிடுவதில்லை. எஞ்சினைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பு எது கிடைத்தாலும் அதன் வழியே போகும். ஸ்டாப் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், கியர் ராடு, புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாமே அதற்கு வழிதான். கேபிளாக இருந்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகி இறுகும். ஷாஃப்டாக இருந்தால் பேரிங் பாதையில் பொறி விழுந்து குழி விழும். பேரிங் சத்தம் என்று பின்னாளில் ஒரு வண்டி வரும்போது, எர்த்தைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது.

ஓம்ஸில் வைத்துப் பார்ப்பது ஏன் போதாது

முந்தைய பட்டறையில் எர்த்தையும் சோதித்திருக்கிறார்கள். மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து ஒரு முனையை எஞ்சினிலும் மறு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் தொட்டிருக்கிறார்கள். பீப் அடித்திருக்கிறது. எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார்கள்.

அந்தச் சோதனை அவ்வளவு மோசமான கோளாறைக்கூடக் காட்டாது. செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும் சாமான். 350 ஆம்பியர் போகும் பாதையில் வெறும் 10 மில்லி ஓம் தடை இருந்தால் 3.5 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு ஒயர்களைச் சேர்த்துத் தொட்டாலே 0.2 ஓம் என்று காட்டும். அதாவது 200 மில்லி ஓம். பத்தை அது எப்படிப் பார்க்கும்? பின்னலில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் பீப் அடிக்கும். அந்த ஒரு இழையால் செல்ஃபைச் சுற்ற முடியாது.

பாரம் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். செல்ஃப் சுற்றிக்கொண்டிருக்கும்போது, எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று அளப்பதுதான் நம்பத்தக்க சோதனை. சாதாரண மல்டிமீட்டரே போதும். டிசி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது.

எஞ்சின் பற்றிக்கொள்ளாமல் இருக்க, பம்ப்பில் உள்ள ஸ்டாப் லீவரைப் பின்னுக்கு இழுத்துக் கட்டினோம். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கட்டை. ஒரு ஆள் கேபினில். ஒவ்வொரு தடவையும் ஐந்து விநாடிக்கு மேல் அடிக்கவில்லை. நடுவில் மோட்டார் ஆற நேரம் கொடுத்தோம்.

அடிக்காமல் இருக்கும்போது இரண்டு பேட்டரியும் சேர்ந்து 25.3 வோல்ட். நல்ல சார்ஜ். செல்ஃப் சுற்றும்போது பேட்டரியின் வெளி முனைகளுக்கு நடுவே 22.6 வோல்ட் நின்றது. 24 வோல்ட் வண்டியில் அந்த நேரம் 19க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். இங்கே பேட்டரி மேல் குற்றமே இல்லை. அதே நேரத்தில் செல்ஃப் மோட்டாரின் பெரிய முனைக்கும் அதன் உடம்புக்கும் நடுவே அளந்தால் 17.1 வோல்ட்தான். புறப்பட்ட இடத்தில் 22.6, சேர்ந்த இடத்தில் 17.1. நடுவில் 5.5 வோல்ட் காணாமல் போகிறது.

அது எந்தப் பக்கம் போகிறது என்று பிரித்துப் பார்த்தோம். பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து மோட்டாரின் பெரிய முனை வரை 0.6 வோல்ட். இன்னும் குறைந்தால் நல்லது, ஆனால் வண்டியை நிறுத்திவிடும் அளவு இல்லை. பேட்டரி நெகட்டிவ் முனையிலிருந்து மோட்டார் உடம்பு வரை 4.9 வோல்ட். எர்த் பக்கம் மொத்தமும் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் எல்லை. அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு இங்கே விழுகிறது.

கிளாம்ப் மீட்டர் 350 ஆம்பியர் சொன்னது. 4.9 வோல்ட்டை 350ஆல் பெருக்கினால் 1,700 வாட்டுக்குக் கொஞ்சம் மேல். ஒன்றரை இஸ்திரிப் பெட்டியின் சூடு, எர்த் இணைப்புகளிலும் ஸ்டாப் கேபிளிலுமாகப் பரவி வெளியேறுகிறது. கருகல் வாசனைக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அப்புறம் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் போஸ்டிலேயே வைத்துக்கொண்டு மறு முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்தினோம். போஸ்டுக்கும் அதன் மேல் பிடித்திருக்கும் கிளாம்புக்கும் நடுவே 0.1. கிளாம்பிலிருந்து கேபிளின் மறு முனையில் உள்ள லக் (போல்ட் மாட்டும் உலோக வளையம்) வரை 0.5. அந்த லக்குக்கும், அது போல்ட் போட்டிருக்கும் சேஸின் சுரண்டிய இரும்புக்கும் நடுவே மட்டும் 1.6. சேஸுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே 2.6. பிளாக்குக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவே 0.1. கூட்டினால் 4.9 சரியாக வருகிறது. இப்படிக் கூட்டுத்தொகை ஒத்துப்போனால்தான் எதையும் விட்டுவிடவில்லை என்று நம்பலாம்.

மீட்டர் கையில் இல்லாத டிரைவரும் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. தடிமனான ஜம்ப் கேபிள் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் போஸ்டிலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இரும்பிலும் பிடித்துவிட்டுச் செல்ஃப் அடிக்க வேண்டும். ஃபேன் பெல்ட் பக்கம் கேபிள் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். நாங்களும் அதைச் செய்தோம். லீவர் கட்டை அவிழ்த்துவிட்டு அடித்ததும் எஞ்சின் ஒரே சுற்றில் பற்றிக்கொண்டது. ஓனர் ஒன்றும் பேசவில்லை. கழற்றிப் போட்ட பழைய பேட்டரிகள் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

கழற்றியபோது கண்டது

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றினோம். வேலை முடிந்து மாட்டும்போது அதுதான் கடைசி. பாசிட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் சேஸில் பட்டால், ஸ்பேனர் அங்கேயே ஒட்டி வெல்டிங் போலப் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும் இடத்தில் அது விளையாட்டில்லை.

சேஸில் கறுப்புக் கேபிள் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றியதும் லக்குக்கு அடியில் மூன்று நிறங்களில் பெயின்ட் அடுக்கு தெரிந்தது. பழைய லாரிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) பார்க்க வேண்டும். எஃப்.சி.க்குப் போகும் முன் சேஸைக் கழுவிப் பெயின்ட் அடிப்பது நம் பக்கம் வழக்கம். அடிக்கிறவர் போல்ட்டைத் தளர்த்துவார், அடிப்பார், காய்ந்த பெயின்ட் மேலேயே லக்கை வைத்து முறுக்கிவிடுவார். வெளியே பார்த்தால் வண்டி பளபளவென்று இருக்கும். லக் இரும்பைத் தொடுவதே இல்லை. போல்ட்டின் மரை வழியாகத்தான் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. லக்குக்கும் சேஸுக்கும் நடுவில் ஒரு துருப்பிடித்த வாஷரும் இருந்தது. வாஷர் லக்குக்கு மேலே வர வேண்டிய சாமான். அடியில் போனால் இன்னும் இரண்டு மோசமான தொடுமுகங்கள் சேர்கின்றன.

எஞ்சின் பின்னல் பட்டை இதைவிட மோசம். கையில் எடுத்ததும் பச்சைத் தூளாக உதிர்ந்தது. பாதிக்கு மேல் இழைகள் அறுந்திருந்தன, மிச்சமிருந்தவை நூலாக மெலிந்திருந்தன. சரக்கு விவரம் இங்கேதான் பொருந்துகிறது. கோழி எருவிலிருந்து அமோனியா வந்துகொண்டே இருக்கும். ஈரமும் காற்றும் சேர்ந்த இடத்தில் அமோனியா செம்பை அரிக்கும். மழைக்காலத்தில் எருத் தண்ணீர் சேஸ் வழியாக வழிந்து எஞ்சின் பக்கமும் போகும். பின்னல் பட்டையோ உறையே இல்லாத நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகள். அரிப்புக்கு அதைவிட வாகான இடம் கிடையாது. சிமென்ட் லோடு அடிக்கிற வண்டியில் இத்தனை பச்சையை நான் பார்த்ததில்லை. உரம், உப்பு, எரு ஏற்றும் வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

கறுப்புக் கேபிள் வெளியே நன்றாகத் தெரிந்தது. லக்கிலிருந்து ஒரு சாண் தூரம் உறையை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு கறுத்திருந்தது. லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்கி, மேலே ஈயம் ஊற்றியிருந்தார்கள். ஈயம் இழைகளுக்குள் ஊறி, அது முடியும் இடத்தில் கேபிளை விறைப்பாக்கிவிடும். லாரி ஆட்டத்தில் சரியாக அந்த இடத்தில்தான் இழைகள் முறியும். இங்கேயும் அப்படியே முறிந்திருந்தன.

டைனமோ பற்றிய ஓனரின் சந்தேகமும் ஆதாரமில்லாமல் வந்ததல்ல. ஜம்ப் கேபிளை எடுத்துவிட்டு எஞ்சின் ஓடும்போது அளந்தோம். டைனமோவின் முனையில் 28.1 வோல்ட், பேட்டரியில் 27.5. டைனமோ எஞ்சின் மேல் இருக்கிறது, அதன் கரண்டும் இதே எர்த் வழியாகத்தான் சுற்றி வர வேண்டும். அரை வோல்ட் போலக் குறைவாகவே தினமும் சார்ஜ் ஏறினால் பேட்டரித் தகடுகளில் சல்பேட் படிந்து ஆயுள் குறையும். டைனமோவைத் தொடவே தேவையில்லை. முதலில் மாற்றிய பேட்டரிகள் செத்ததற்கும் இந்த எர்த்துக்குப் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. சொலினாய்டு கதையும் இதுதான். அதன் காயிலுக்கும் எர்த் மோட்டார் உடம்பு வழியாகத்தான். உள்ளே தொடுமுனை சேர்ந்து மோட்டார் கரண்ட் இழுத்ததும் வோல்ட் சரிந்து காயில் பிடியை விடுகிறது. விட்டதும் வோல்ட் ஏறித் திரும்பப் பிடிக்கிறது. அந்த டக் டக் சத்தத்தின் ஒவ்வொரு தட்டிலும் தொடுமுனை கொஞ்சம் கருகுகிறது.

புது எர்த்

பழையது எப்படி இருந்ததோ அப்படியே திரும்பப் போடவில்லை. பாதையை மாற்றினோம். பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சினுக்கு, செல்ஃப் மோட்டாரைப் பிடிக்கும் போல்ட்டுக்கே, 70 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள். வெல்டிங் மெஷினுக்குப் போடுகிற வளையும் வகை. செல்ஃபின் கரண்ட் இனிச் சேஸைத் தேடிப் போக வேண்டியதில்லை.

சேஸ் இரும்பு நல்ல கடத்தி இல்லை என்று சிலர் சொல்வார்கள். இரும்பின் தடை செம்பைப்போல எட்டு மடங்குக்கும் மேல் என்பது உண்மைதான். ஆனால் இந்த அளவு லாரியில் சேஸ் சட்டம் ஒன்றின் குறுக்குவெட்டு இரண்டாயிரம் சதுர மில்லிமீட்டரைத் தாண்டும். எட்டால் வகுத்தாலும் நம் கேபிளைவிடத் தடிமன். சேஸில் எந்தக் குறையும் இல்லை. அதில் ஏறுகிற, இறங்குகிற இணைப்புகள்தான் கெடுகின்றன. இரண்டு இணைப்பைக் குறைத்தால் கெடுவதற்கு இரண்டு இடம் குறைகிறது.

லக்குகள் வெள்ளீயம் பூசிய செம்பு. ஹைட்ராலிக் கிரிம்பரில் ஆறு பக்கமும் அழுத்திப் பிடித்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயை லக்கின் கழுத்து வரை ஏற்றிச் சுருக்கினோம். உற்றுப் பார்த்தால் இந்த வேலையில் ஆயுளைத் தீர்மானிப்பது இந்தக் கழுத்துதான். இங்கே ஈரம் நுழைந்தால் செம்பின் நுண் இடைவெளிகளில் ஏறி, உறைக்குள்ளேயே வெகுதூரம் கறுத்துவிடும்.

எஞ்சினிலிருந்து சேஸுக்கு 50 சதுர மில்லிமீட்டரில் உறை உள்ள கேபிள் ஒன்று. பின்னல் பட்டை போடவில்லை. எரு ஏற்றாத வண்டியாக இருந்தால் பின்னலே போட்டிருப்பேன், அது ஆட்டத்தை நன்றாகத் தாங்கும். எஞ்சின் ஆடுவதற்குத் தாராளமாக வளைவு விட்டு, சைலன்சர் பைப்பிலிருந்து தள்ளி எடுத்தோம். கேபினிலிருந்து சேஸுக்கு 16 சதுர மில்லிமீட்டர் போதும். பழைய கேபின் எர்த் ஒயர் ஒரு முனையில் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அதனால் கேபினுக்கும் எஞ்சினுக்கும் நடுவே லைட், வைப்பர் கரண்டும்கூட ஓரளவு கேபிள்கள் வழியாக ஓடியிருக்கும்.

சேஸில் புது ஓட்டை போடவில்லை. சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போட்டால் அங்கிருந்து வெடிப்பு விடும். நடுப்பக்கத்தில் ஏற்கெனவே இருந்த துளையையே எடுத்துக்கொண்டோம். லக்கின் அகலத்துக்குச் சுற்றிலும் பெயின்ட்டை வயர் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை எடுத்தோம். இரும்பு, அதன் மேல் நேராக லக், அதற்கு மேல் வாஷர், ஸ்பிரிங் வாஷர், நட். முழுக்க முறுக்கிய பிறகே வாசலின் தடவி, அதற்கு மேல் பெயின்ட். வாசலினும் பெயின்ட்டும் இணைப்பை மூட வேண்டும், இணைப்புக்குள் போகக் கூடாது. வரிசை மாறினால் வேலை வீண். செல்ஃப் மோட்டார் உட்காரும் முகத்திலும் பழைய பெயின்ட் இருந்தது. மோட்டாரைக் கழற்றி அதையும் சுத்தம் செய்தோம்.

பாசிட்டிவ் பக்கக் கிளாம்புகளைச் சோடா மாவு கரைத்த தண்ணீரில் கழுவிக் காயவைத்து மாட்டியாகிவிட்டது. அதோடு, ரேடியோவுக்கும் செல்போன் சார்ஜருக்கும் ஒரே ஒரு பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்திருந்த ஒயரைப் பிடுங்கிவிட்டு, 24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றைப் போட்டோம். ஒரு பேட்டரியில் மட்டும் பாரம் போட்டால் அது எப்போதும் குறைந்தே இருக்கும், மற்றது அதிகமாகக் கொதிக்கும். தொடரில் உள்ள இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேரும். லாரிகளில் இதைப் பார்க்காத நாளே இல்லை.

வேலைக்குப் பிறகு

அதே முறையில் திரும்ப அளந்தோம். பேட்டரியில் 22.3 வோல்ட், மோட்டாரில் 21.4. பாசிட்டிவ் பக்கம் 0.5, நெகட்டிவ் பக்கம் 0.4. கரண்ட் 380 ஆம்பியர். கரண்ட் ஏறியதைப் பார்த்து ஓனர் கொஞ்சம் பயந்தார். எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, அதற்குரிய சக்தியை எடுக்கிறது, அவ்வளவுதான். முன்பு நாலைந்து முறை அடித்தும் பற்றாத எஞ்சின் இப்போது ஓரிரு விநாடியில் பற்றுகிறது. மொத்தத்தில் பேட்டரியிலிருந்து போவது மிகக் குறைவு. டீசல் பற்றுவதற்கு அழுத்தச் சூடு வேண்டும். மெதுவாகச் சுற்றினால் காற்று ரிங் வழியாகக் கசிந்து, சூடும் சிலிண்டர் சுவரில் போய்விடும். வெள்ளைப் புகை அப்படி வந்ததுதான். இன்ஜெக்டரைக் கழற்றிக் கொடுக்கச் சொல்லி யாரோ ஆலோசனை சொல்லியிருந்தார்களாம். நல்லவேளை, அது நடக்கவில்லை.

புது ஸ்டாப் கேபிள் போட்டு, செல்ஃப் அடிக்கும்போது டிரைவரையே தொட்டுப் பார்க்கச் சொன்னேன். குளிர்ச்சியாக இருந்தது. ஓடும்போது பேட்டரியில் இப்போது 28 வோல்ட்.

அடுத்த எஃப்.சி.க்குப் பெயின்ட் அடிக்கும் முன் எர்த் போல்ட்டுகளைத் தளர்த்தக் கூடாது, டேப் சுற்றிவிட்டுத்தான் அடிக்க வேண்டும் என்று பேட்டரிப் பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதிவிட்டேன். அதன் கீழே 0.4 என்ற அளவும் இருக்கிறது. அடுத்து யார் மீட்டர் வைத்தாலும் அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஃபிளைவீல் ரிங்கில் ஓரிடத்தில் பற்கள் தேய்ந்திருக்கின்றன. இந்தப் பற்களில் மாட்டி எஞ்சினைச் சுற்றும் செல்ஃப் மோட்டாரின் சிறு பல்சக்கரமான பினியன் பாதி பிடித்துப் பாதி விட்டுப் பல மாதம் அடித்ததன் விளைவாக இருக்கலாம். கியர்பாக்ஸை இறக்கினால்தான் அதை மாற்ற முடியும் என்பதால், கிளட்ச் வேலை வரும்போது சேர்த்துப் பார்ப்பதாக ஓனர் சொல்லியிருக்கிறார்.